தசமியன்று மிதாலி சொன்னது

காட்டூர்,
28 டிசம்பர் 2025

(அனுப்பாத பக்கம்)

கிறிஸ்துமஸ் அன்று நான் அப்பாவிடம் சொல்லாதது இது: "அடுத்த பூஜைக்கு நான் வரமாட்டேன், பாபா. வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. போகிறேன்."

இது என் வசனம் அல்ல. ஒரு வங்காளப் படத்தில் மிதாலி என்ற மகள் தன் அப்பாவிடம் சொல்வது. கல்கத்தாவில் சப்டைட்டில் எழுதும் கம்பெனி ஒன்று, இந்தப் படத்துக்குத் தமிழ் எழுதிக் காட்டு, பிடித்திருந்தால் ஜூன் மாதம் இங்கே வந்து சேரலாம் என்று எனக்கு எழுதியிருக்கிறது. நானும் சரி என்று பதில் போட்டுவிட்டேன். வீட்டில் இதை, உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்கா, உனக்கு வரும் கடிதத்தை மதர் முதலில் படிப்பார், பிறகு ஓய்வு நேரத்தில் மடம் முழுக்கக் கேட்க வாசிக்கப்படும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அத்தனை கன்னியர் முன்னால் சொல்லக்கூடியது அல்ல இது. ஆகவே இந்தப் பக்கத்தை என்னிடமே வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்திலிருந்து அனுப்புகிறேன்.

*

அன்புள்ள பேட்ரிசியா அக்காவுக்கு,

பிறந்திருக்கும் பாலன் உன் முழங்கால் வலியையும் கொஞ்சம் கவனிக்கட்டும். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மட்டும் சளி; நடுராத்திரிப் பூசைக்கு ஸ்வெட்டர் போடமாட்டேன், போட்டால் புதுப் புடவை தெரியாது என்றதன் பலன்.

வழக்கம்போல கிறிஸ்துமஸ் அன்று பெரியப்பா குடும்பம் வந்தது. பிரியாணிக்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து படம் பார்க்கும் நம் வழக்கத்தின்படி, பிரவீன்ராஜ் புரொஜெக்டர் கொண்டுவந்தான். இந்தத் தடவை படம் தேர்ந்தெடுப்பது என் முறை. நான் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கும் வங்காளப் படத்தைப் போட்டேன். எழுத்து இன்னும் முடியவில்லை என்பதால் நானே பக்கத்தில் நின்று வாயால் சொன்னேன். ஸ்ரீரங்கத்து லாட்ஜ் ரிசப்ஷனில் வங்காள யாத்திரிகர்களிடம் "வெந்நீர் ஆறு மணிக்குத்தான் வரும்" என்று சொல்லிச் சொல்லி நான் வளர்த்த பாஷை இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

கதை இதுதான். துர்கா பூஜைக்குப் பிள்ளைகள் எல்லாரும் பழைய வீட்டில் கூடுகிறார்கள். பழைய சண்டைகளும் கூடவே வருகின்றன. கடைசி நாள் தசமி. அன்று கடைசி மகள் மிதாலி இனிப்புத் தட்டோடு வந்து அப்பா நிரஞ்சன்பாபுவிடம், "பாபா, இதுல இனிப்பு அதிகம், உங்க உடம்புக்கு ஆகாது, சாப்பிடாதீங்க" என்கிறாள். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறார். அதன்பின் படம் நாற்பது நிமிடம் ஓடுகிறது. அண்ணன் தங்கையைத் திட்டுகிறான், தட்டை ஏன் அப்பா பக்கம் கொண்டுபோனாய் என்று. அத்தை அண்ணனை அறைகிறாள், இனிப்பை வாங்கி வந்ததே அவன்தான் என்று. நிரஞ்சன்பாபு யாரோடும் பேசுவதில்லை.

"ஒரு ஸ்வீட்டுக்கா இவ்ளோ?" என்றான் பிரவீன்ராஜ்.

"சுகர் பேஷண்டுடா. ஒனக்கு என்ன தெரியும், எனக்குத் தெரியும்" என்றார் அற்புதசாமி பெரியப்பா, மூன்றாவது குலாப் ஜாமூனைக் கையில் வைத்துக்கொண்டு.

அப்பா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க, பெத்தவன் மேல எவ்ளோ அக்கறை அந்தப் புள்ளைக்கு. நம்ம கேத்தரின் மாதிரி."

உன் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள். முடிந்தால் என்னைத் தனியாக.

கேத்தரின்

*

மடத்திலிருந்து,
9 ஜனவரி 2026

என் செல்லத் தங்கை கேத்தரினுக்கு,

பாலன் என் முழங்காலை இன்னும் கவனிக்கவில்லை. மற்றபடி நலம். அம்மாவின் புடவை என்ன நிறம் என்று நீ எழுதவில்லை. இங்கே மூன்று பேர் கேட்டார்கள்.

உன் கடிதம் இங்கே இரண்டு நாள் ஓடியது. நிரஞ்சன்பாபு படியில் உட்கார்ந்த இடத்தில் மதர் மடித்து வைத்து, "மீதி நாளைக்கு" என்றுவிட்டார். மறுநாள் மாலை ஜெபத்தில் அவருடைய சர்க்கரை வியாதிக்காக ஒரு மன்றாட்டு சேர்ந்துவிட்டது. சினிமாவில் வருகிற ஆள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும்மா, அவருக்கு மட்டும் யாரு இருக்கா?" என்றார் சமையலறைச் சிஸ்டர்.

ஒரே ஒருவர்தான் நம்பவில்லை. சிஸ்டர் ஷெபாலி, வங்காளத்துக் கிருஷ்ணநகர்க்காரர். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "எங்க ஊர்ல அப்பா ஸ்வீட்டுக்காக அழணும்னா தட்டு காலியா இருக்கணும். ஒங்க தங்கச்சி என்னமோ விட்டுட்டா" என்கிறார்.

என்னத்தடி விட்டாய்?

நீ கேட்டபடி உன்னைத் தனியாக நினைத்துக்கொண்டேன். காரணம் தெரியாமல் ஜெபிப்பது, முகவரி எழுதாமல் தபால் போடுவது மாதிரி இருக்கிறது.

பேட்ரிசியா

*

காட்டூர்,
18 ஜனவரி 2026

அன்பு அக்காவுக்கு,

புடவை மாம்பழ நிறம், அரக்குக் கரை. சளி போய்விட்டது. பொங்கல் நல்லபடியாக முடிந்தது.

சிஸ்டர் ஷெபாலிக்கு என் வணக்கம். அவர் ஊரை விட்டு வந்து வருடங்கள் ஆகியிருக்கும். ஊரில் அழுகைக்கான காரணங்கள் மாறியிருக்கலாம்.

இங்கே ஒரு அதிசயம் நடந்திருக்கிறது. அப்பா சர்க்கரையை விட்டுவிட்டார். டாக்டர் சொல்லி, அம்மா சண்டை போட்டு, நடக்காதது ஒரு படத்தில் நடந்துவிட்டது. காப்பியை முகம் சுளித்துக் குடித்துவிட்டு, "மக சொல்லியாச்சுல்ல" என்கிறார். எந்த மகள் என்று கேட்க எனக்குத் துணிவு இல்லை. போன வாரம் ரத்தம் பரிசோதித்ததில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதன் பலன் என்கிறாள். மாதாவும் மிதாலியும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

அப்பா இந்தக் கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் வாங்கும்போது சொன்னாராம். வியாபாரி கண் கலங்கி ஒரு காய் அதிகம் போட்டாராம். இப்போது நம் தெரு அன்பிய ஜெபக் கூட்டத்தில் பேசி, ஈஸ்டர் முடிந்ததும் பங்கு ஹாலில் எல்லாருக்கும் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். என் தமிழ் எழுத்தோடு. கம்பெனி அனுமதி தராது என்று நம்பித்தான் கேட்டுப் பார்த்தேன். டைரக்டரே பதில் போட்டுவிட்டார். திருச்சியில் ஒரு மாதா கோயில் ஹாலில் தன் படமா என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

என் வேலை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் விசேஷம்.

மலைக்குளிருக்குக் காலுறை போட்டுக்கொள்.

கேத்தரின்

*

மடத்திலிருந்து,
1 பிப்ரவரி 2026

கேத்தரினுக்கு அக்கா எழுதுவது,

காலுறை போட விதி இடம் தருகிறது, போட்டிருக்கிறேன். அப்பாவின் ரத்தப் பரிசோதனை கேட்டு எல்லாரும் மகிழ்ந்தோம். நிரஞ்சன்பாபுவுக்குச் செய்த ஜெபம் வழியில் அப்பாவிடம் போய்விட்டது என்று மதர் சொல்கிறார்.

ஷெபாலியிடம் தசமி என்றால் என்ன என்று கேட்டேன். ஐந்து நாள் தாய்வீட்டில் இருந்துவிட்டுத் தேவி திரும்பிப் போகும் நாளாம். மகளை அனுப்புவதுபோல் அவள் உதட்டில் இனிப்பு வைத்து வழியனுப்புவார்களாம். கிறிஸ்தவர்களான தங்கள் வீட்டிலும் அன்று அம்மா வாசலில் நின்று அழுவாள் என்றார். "அன்னிக்குப் போய் ஒரு மக அப்பாகிட்ட வந்து நின்னா, அது ஸ்வீட் விஷயமா இருக்காது" என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அவள் என்ன சொன்னாள்?

தவக்காலம் தொடங்கிவிட்டால் நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, பிரிப்பதும் இல்லை. ஆகவே அதற்குள் எழுது.

பேட்ரிசியா

(ஓரத்தில், வேறு கையெழுத்தில்: எனக்கும் தெரிய வேண்டும். – மதர்)

*

காட்டூர்,
14 பிப்ரவரி 2026

அன்பு அக்காவுக்கும், மதிப்புக்குரிய மதருக்கும்,

நலம். கேஸ் சிலிண்டர் நேற்று வந்தது. வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. பெரியப்பாவுக்குப் பல் பிடுங்கினார்கள், கடைவாய்ப் பல், இடது பக்கம். லாட்ஜில் வங்காளிக் கூட்டம் குறைந்து குஜராத்திக் கூட்டம் வருகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் ஏறும் பஸ் இப்போது வேறு இடத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை சங்கரா மீன் வாங்கினோம், நன்றாக இருந்தது.

இடம் முடிந்துவிட்டது.

கேத்தரின்

*

காட்டூர்,
12 மார்ச் 2026

அக்கா,

நீ இதை ஈஸ்டர் வரை பிரிக்கமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இந்தத் தவக்காலம் எனக்கு வசதியாக இருக்கிறது. உறையில் "பேட்ரிசியாவுக்கு மட்டும்" என்று எழுதுகிறேன். மதர் மன்னிக்கட்டும்.

மிதாலி சொன்னது, "அடுத்த பூஜைக்கு நான் வரமாட்டேன், வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது" என்பது. இனிப்பு என் கற்பனை. அந்த நிமிடம் வாயில் அது வந்துவிட்டது. வந்த பிறகு நாற்பது நிமிடப் படத்தையும் அந்த இனிப்புக்கு ஏற்றபடி நானே கட்ட வேண்டியதாயிற்று. அத்தை அறைந்ததற்குக் காரணம் கண்டுபிடித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

எனக்கும் வேலை கிடைத்திருக்கிறது. கல்கத்தாவில். ஜூன் மாதம் போய்ச் சேர வேண்டும். எனக்குப் போக வேண்டும், அக்கா. இவ்வளவு ஆசையாக நான் எதையும் கேட்டதில்லை.

நீ மடத்துக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று அப்பா "சரிம்மா" என்றார். நீ அதோடு உள்ளே போய்விட்டாய். அவர் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். அது கழுவுகிற நாள் இல்லை. நீ போன பிறகும் வாரம் இரண்டு முறை கழுவினார். நம் தெருவிலேயே சுத்தமான தொட்டி நம்முடையதுதான். இப்போது யார் கேட்டாலும், "ஒண்ணக் கடவுளுக்குக் குடுத்தாச்சு, ஒண்ணு எங்களோட" என்கிறார். அந்த "ஒண்ணு" நான்.

சொல்ல முயற்சி செய்யாமல் இல்லை. ஒருநாள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சொன்னேன், ஹெல்மெட்டுக்குள் கேட்கவில்லை, "என்னது, பெட்ரோலா? இருக்கு" என்றார். இன்னொரு நாள் சாப்பிடும்போது "அப்பா, ஜூன்ல" என்று ஆரம்பித்தேன். "ஜூன்ல திருவெள்ளறைப் பக்கம் நல்ல மாங்கா வரும், போவோம்" என்றார். முகத்தைப் பார்த்தேன். மாங்காய் பற்றியே பேசி முடித்தேன்.

பங்கு ஹாலில் ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி படம். அதற்குள் சொல்ல வேண்டும், அல்லது சப்டைட்டிலிலும் இனிப்பையே எழுத வேண்டும். இரண்டாவது வழியையும் யோசித்துவிட்டேன். அதற்காக வெட்கப்பட்டும் ஆகிவிட்டது.

கேத்தரின்

*

மடத்திலிருந்து,
6 ஏப்ரல் 2026

கேத்தரின்,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி நம் வீட்டிலும் இருக்கட்டும். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மதர் உறையைப் பார்த்துவிட்டுப் பிரிக்காமலே என்னிடம் தந்தார். "சுருக்கமா சொல்லு போதும்" என்றார். இன்னும் சொல்லவில்லை.

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உன் மேலா, அப்பா மேலா, என் மேலா என்று தெரியாமல் தோட்டத்துக்குப் போய் முள்ளங்கி பிடுங்கினேன். பாதி முற்றாதவை. மதியம் எல்லாரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

தொட்டியைப் பற்றி எனக்கு யாரும் எழுதவில்லை. நான் சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். அந்தச் சந்தோஷத்துக்கு நீ அங்கே உட்கார்ந்து வாடகை கொடுத்துக்கொண்டிருந்தாய் என்று தெரியாது. நான் போனதால் நீ போகக் கூடாது என்று இனி ஒருமுறை எழுதினால் பதில் போடமாட்டேன்.

உனக்காக அப்பாவிடம் நான் சொல்லவும் மாட்டேன். மிதாலியின் வசனத்தை மிதாலிக்குக் கொடுத்துவிடு. சினிமா எடுத்தவர்கள் பாவம்.

பேட்ரிசியா

*

காட்டூர்,
20 ஏப்ரல் 2026

அன்பு அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் நீ வருத்தப்படுவாய். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை வரை நான் சொல்லவில்லை. சப்டைட்டிலில் மட்டும் கை வைக்கவில்லை. படம் தொடங்குமுன் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "இரும்மா, மைக் வேலை செய்யுதான்னு பாக்கணும்" என்று போய்விட்டார்.

மைக் வேலை செய்தது. "இந்தப் படத்துல ஒரு மக, தன் அப்பாவோட உடம்புக்காக ஒரு ஸ்வீட்டத் தடுக்குறா. அந்த எடத்துல எனக்கு அழுகை வந்திருச்சு. ஒங்களுக்கும் வரும்" என்று ஹால் முழுக்கச் சொன்னார். அந்த இடம் வருமுன்னே முன்வரிசைப் பெண்கள் முந்தானையைத் தயாராகக் கையில் எடுத்துவிட்டார்கள்.

தசமி வந்தது. மிதாலி தட்டோடு வந்தாள். கீழே எழுத்து ஓடியது: அடுத்த பூஜைக்கு நான் வரமாட்டேன், பாபா.

அப்பா எழுந்து நின்றார். அவர் நிழல் நிரஞ்சன்பாபுவை முழுதாக மறைத்தது. "பிரவீன், நிறுத்து. எழுத்து மாறி வந்திருக்கு."

"கிறிஸ்துமஸ்ல ஸ்வீட்டுதான இருந்துச்சு?" என்றார் பெரியப்பா.

பிரவீன்ராஜ் பின்னால் நகர்த்திப் போட்டான். மிதாலி மறுபடியும் தட்டோடு வந்தாள். அதே எழுத்து.

"பாத்தீங்களா, திரும்பவும் தப்பா வருது" என்று அப்பா ஹாலைப் பார்த்துச் சொன்னார். "கம்பெனிக்காரன் எவனோ மாத்திட்டான். என் பொண்ணு எழுதுனது இது இல்ல."

"சித்தப்பா, கேத்தரின்தான எழுதுனா?" என்றான் பிரவீன்ராஜ்.

"அதான் சொல்றேன். அவ எழுதுனத மாத்திட்டாங்க. சொல்லும்மா, எது சரி?"

அக்கா, அவர் எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"எழுத்துல இருக்கறதுதாம்பா சரி" என்றேன்.

"அப்ப கிறிஸ்துமஸ்ல சொன்னது?"

"அது நானா சொன்னது."

"எதுக்கு?"

"எனக்கும் வேலை கெடச்சிருக்குப்பா. கல்கத்தாவுல. ஜூன்ல போகணும். அன்னிக்கு அந்த வசனம் வந்தப்போ, ஒங்க முன்னாடி என்னால அதச் சொல்ல முடியல."

பின்வரிசையில் ஒரு அம்மா, "எந்த ஊராம்?" என்றார். "கல்கத்தாவாம்." "நல்ல ஊருதான், மதர் தெரசா இருந்த ஊரு." "மூணு நாள் ஆகுமோ?" "ரெண்டு நாளுங்க. இங்கேருந்தே வண்டி இருக்கு." பெரியப்பா ரயில் நேரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ஹால் முழுக்க என்னை ரயிலேற்றிவிட்டது. அப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு உட்கார்ந்தார். "படத்தப் போடுப்பா" என்றார்.

மீதி நாற்பது நிமிடத்தை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தார். அத்தை அறைந்த இடத்தில் தலையை ஆட்டினார். முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்கினார். ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தோம். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "அப்ப அந்த ஆளுக்குச் சுகரே இல்லியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

உள்ளே போய் அம்மாவிடம் காப்பி கேட்டார். சர்க்கரை போட்டு.

அம்மாவுக்கு என்மேல் கோபம். கல்கத்தாவுக்காக இல்லை. "ஜூன்ல சொல்லித் தொலஞ்சிருந்தா இன்னும் ரெண்டு மாசம் சுகர் கொறைஞ்சிருக்குமேடி" என்கிறாள்.

கேத்தரின்

*

மடத்திலிருந்து,
3 மே 2026

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதத்தை மதர் ஓய்வு நேரத்தில் வாசிக்கத் தொடங்கி, "எழுத்து மாறி வந்திருக்கு" என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். யாரும் மீதியைக் கேட்கவில்லை. ஷெபாலி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னேன்ல" என்றார்.

அப்பாவுக்கு நான் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். உன்னைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவர் காட்டினால் படித்துக்கொள்.

பேட்ரிசியா

*

கல்கத்தா,
21 ஜூன் 2026

அன்பு அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே மழை. உன் முழங்காலுக்காக உங்கள் மலையில் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். அறையில் என்னோடு இரண்டு பெண்கள். என் வங்காள மொழியில் யாத்திரிகர் வாசனை அடிக்கிறதாம். எதைச் சொன்னாலும் அறை வாடகை சொல்வதுபோல் இருக்கிறதாம்.

உன் கடிதத்தை அப்பா காட்டவில்லை. சட்டைப் பையில் வைத்திருந்தார். மே மாதம் முழுக்க என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். ஸ்டேஷனுக்கு வந்தார், பெட்டியை ஏற்றினார், பக்கத்துச் சீட்டுக்காரர் எங்கே இறங்குகிறார் என்று விசாரித்தார். வண்டி நகரும்போது பிளாட்பாரத்தில் அம்மாவும் பெரியப்பாவும் கை காட்டினார்கள். அப்பா சரக்குப் பெட்டிகளுக்கு இடையே எங்கோ நின்றிருக்க வேண்டும், கண்ணில் படவில்லை.

இங்கே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு டிசம்பரில் லீவு கிடையாது என்று நேற்றுச் சொன்னார்கள். நேற்றே வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா எடுத்தார். கிறிஸ்துமஸுக்கு என்னால் வர முடியாது என்று சொன்னேன். "சரிம்மா" என்றார். பிறகு போனை அம்மாவிடம் கொடுத்தார்.

கேத்தரின்